கொரோனா விட்டுப்போன மனச்சுமை: அரசுப் பள்ளியில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். மதுரை மாவட்டம் செல்லம்பட்டி ஒன்றியத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "கொரோனா முடிந்து இத்தனை வருடம் ஆகியும் பிள்ளைகள் பழையபடி இல்லை என்று சார்மார்களும் டீச்சர்களும் சொல்கிறார்கள். அடிக்கடி மட்டம் போடுகிறார்கள், சின்ன விஷயத்துக்கும் அடிதடி, சில பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. வெளியிலிருந்து மனநல ஆலோசகரை அழைத்து ஒருநாள் முகாம் போடலாமா? நாளைக்கு இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்வது?"

முகாமைத் தள்ளி வையுங்கள். முந்நூறு பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து மைக்கில் பேசினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தப்பித் தவறி ஒரு பிள்ளை மனம் விட்டு அழுதுவிட்டால் மறுநாள் அதைக் கேட்க அந்த ஆலோசகர் இருக்க மாட்டார். பாதி திறந்து விட்டுவிட்டுப் போவது திறக்காமல் இருப்பதைவிட மோசம். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் உளவியலாளர் பணியிடம் கிடையாது; அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் மிக நல்ல மனநலக் கருவி வருகைப் பதிவேடுதான். அதை யாரும் அப்படிப் படிப்பதில்லை.

அதற்கு முன்னால், எந்தப் பிள்ளைக்கு என்ன தவறிப்போனது என்ற கணக்கு தெளிவாக வேண்டும். 2020 மார்ச் நடுவில் மூடிய பள்ளிகள், 10, 12 வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11 வகுப்புகளுக்கு பிப்ரவரி 8 அன்றும் திறந்தன. இரண்டாம் அலையில் மறுபடி மூடல். 9 முதல் 12 வரை செப்டம்பர் 1, ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1. 2022 ஜனவரியில் இன்னொரு முறை மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். அதாவது சின்ன வகுப்புகளுக்குத் தொடர்ச்சியாக 19 மாதத்துக்கு மேல் பள்ளிக்கூடமே இல்லை. 2020இல் ஒன்றாம் வகுப்புக்குப் பெயர் பதிந்த பிள்ளை, வகுப்பறையைக் கண்ணால் பார்க்கும்போது இரண்டாம் வகுப்பில் இருந்தது. அதே பிள்ளைதான் 2025-26இல் உங்கள் பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் வந்து சேர்கிறது. வரிசையில் நிற்பது, பென்சிலைக் கேட்டு வாங்குவது, சண்டை போட்டுவிட்டு மறுநாள் அவனோடேயே உட்காருவது, இதெல்லாம் ஐந்து ஆறு வயதில் படியும் பழக்கம். அந்த வயதில் அது வீட்டுத் திண்ணையில் இருந்தது. ஆறாம் வகுப்பில் 'திமிர்' என்று நீங்கள் பார்ப்பதில் பாதி இந்தப் பாக்கிதான்.

அதே 2025-26இன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பாக்கி வேறு. அவர்கள் ஐந்தாம் வகுப்பை வீட்டிலிருந்தே முடித்து, ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கு நவம்பரில் நுழைந்தவர்கள். அவர்களுடைய அண்ணன், அக்கா காலத்தில்தான் தேர்வே இல்லாமல் 'ஆல் பாஸ்' வந்தது. அந்த அண்ணன்மார்களில் எத்தனை பேர் வெளிமாநில முறுக்குக் கம்பெனிக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் போய், திரும்பிப் படிக்கவே வராமல் போனார்கள் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். படித்து என்ன ஆகப்போகிறது என்று பத்தாம் வகுப்புப் பையன் கேட்டால், அவன் கண்ணெதிரே பார்த்ததைத்தான் கேட்கிறான்.

இதில் மதுரைக்கென்று சில விஷயங்கள் உண்டு. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. ஆக பயம் இங்கே சீக்கிரமே வந்துவிட்டது. அந்த ஜூன் 24 முதல் மாநகராட்சிக்கும் பரவைக்கும் சுற்றியுள்ள ஒன்றியங்களுக்கும் தனி முழு ஊரடங்கு. 2020, 2021 இரண்டு வருடமும் அழகர் வைகையில் இறங்கவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருடம் என்பது சித்திரைத் திருவிழா, முழுப்பரீட்சை லீவு, மாமா வீடு, பள்ளி திறப்பு என்ற வரிசை. அந்த வரிசையே இரண்டு முறை அறுந்தது. கல்யாணம் காதுகுத்து சுருங்கியதால் மொய் சுற்றும் நின்றது; செய்த மொய் திரும்பி வராத வீடுகளில் குழுக் கடன் ஏறியது. இது பிள்ளைகள் மனதுக்குச் சம்பந்தமில்லாத கணக்கு என்று நினைக்காதீர்கள். விருந்தாளி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருந்ததால் கல்யாணச் செலவு குறையும் என்று, பதினாறு வயதுப் பெண்ணைச் சொந்தத்தில் முடித்துவிடலாமா என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்தது. பெண்ணுக்கு 18க்கு முன் திருமணம் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது அந்த வீட்டுக்கும் தெரியும். அந்தப் பேச்சைக் காதில் வாங்கிய தங்கை இன்று உங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள்.

இனி பதிவேட்டுக்கு வருகிறேன். கடைசி மூன்று மாதப் பக்கங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஒரு மணி நேரம் உட்காரட்டும். சதவீதம் பார்க்கக் கூடாது. 85 சதவீதம் வந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருப்பார்கள்: ஒருவனுக்கு ஒரே தொடர்ச்சியாக ஒன்பது நாள் காய்ச்சல், இன்னொருவனுக்கு ஒன்பது திங்கட்கிழமை. காய்ச்சல்காரன் சரியாகிவிட்டான். திங்கட்கிழமைக்காரன் வீட்டில் சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை குடி, இரவெல்லாம் சண்டை என்று ஏதோ ஒன்று நடக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒரே நாளில் வராமல் இருந்தால் காரணம் வீட்டில் இருக்கிறது; தங்கை மட்டும் மாதம் மூன்று நான்கு நாள் வராவிட்டால் முதலில் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். கணக்குப் பரீட்சை, தமிழில் சத்தமாக வாசிக்கும் நாள் என்று பார்த்துப் பார்த்து விடுப்பு எடுப்பவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம்.

பதிவேட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. காலை ஒரு முறை, மதியம் ஒரு முறைதான் குறிக்கிறார்கள். தாமதமாக வந்தவனுக்கும் வருகைதான் விழும். அதனால் பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால். மல்லிகைத் தோட்டம் உள்ள ஊர்களில் இந்தப் புள்ளிகள் முகூர்த்த நாளில் குவியும். விடியும் முன் மொட்டுப் பறித்து, பூ மார்க்கெட் வண்டிக்குக் கொடுத்துவிட்டு, குளிக்காமல் ஓடிவருகிற பிள்ளை அது. விரலில் பூவாசம் இருக்கும், முதல் பாடவேளையில் தூங்கும். இதற்கு ஆலோசனை தேவையில்லை, தூக்கமும் காலை உணவும்தான் தேவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பு ஆரம்பித்த மாதத்தில் பதினொரு மணிக்கு வயிற்றுவலி என்று வருபவர்கள் கூடுவது ஏன் என்று இப்போது புரியும். சத்துணவு அமைப்பாளர், சமையலர் அக்கா இருவரையும் மாதம் ஒரு முறை ஆசிரியர்களோடு உட்கார வையுங்கள். எந்தப் பிள்ளை திங்கட்கிழமை மட்டும் இரண்டு முறை சோறு வாங்குகிறது, எது முட்டையை மறைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறது, எது தட்டைத் தொடுவதே இல்லை என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

குறித்தபின் என்ன செய்வது? தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் போன். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போவது. பத்தாம் நாளுக்குள் மேலாண்மைக் குழுவில் பெயர் வர வேண்டும். இடைநின்றோர் பட்டியலில் பெயர் ஏறும்வரை காத்திருந்தால் பையன் ஆந்திராவிலோ மகாராஷ்டிராவிலோ இருப்பான். 14 வயதுக்குக் கீழே என்றால் வேலைக்கு வைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல யோசிக்க வேண்டாம்.

வீட்டுக்குப் போவதில்தான் பெரும்பாலும் சொதப்புகிறார்கள். ஆறு பேர் கூட்டமாகப் போய், வாசலில் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்த வீடு தெருவில் அசிங்கப்பட்டுவிடும். அடுத்த முறை கதவே திறக்காது. இரண்டு பேர் போதும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வேலை முடிந்து வரும் ஆறு, ஆறரை மணிக்குப் போங்கள். "ஏன் பள்ளிக்கூடம் அனுப்பல?" என்று ஆரம்பித்தால் பொய்தான் பதிலாக வரும். "அப்பத்தாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்து, பிள்ளை செய்த நல்லது ஒன்றைச் சொல்லி, கடைசியில் "நாளைக்கு வந்துருவான்ல? முன் வரிசைல எடம் போட்டு வச்சிருக்கேன்" என்று முடியுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். உதவித்தொகை வாங்கித் தருகிறேன், கடனைத் தள்ளச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. மறுநாள் பிள்ளை வந்தால் வகுப்பில் யாரும் "வாங்க சார், வழி தெரிஞ்சுதா?" என்று கேலி பேசக் கூடாது, ஆசிரியர்தான் இதை அதிகம் செய்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாசிப்பு விஷயத்தை மனநலத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் கிராமத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பெரிய இழப்பு தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறத்தாழ கால் பங்குக்கு 2021 அக்டோபரில் மாநில அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம் காரணம் என்றும் கண்டார்கள். தெருவிலேயே தெரிந்த ஓர் அக்கா, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள்: அவ்வளவுதான் அந்த ஏற்பாடு. மீளாத பங்கில் இருப்பவர்கள் வகுப்பில் இரண்டே வேடம்தான் போட முடியும், ரவுடி அல்லது ஊமை. "வாசிக்கத் தெரியாது" என்று பெயர் வாங்குவதைவிட "அடங்காதவன்" என்ற பெயர் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்குக் கௌரவம். ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம். நாற்பது பேர் வகுப்பு என்றால் இரண்டு ஆசிரியர்கள் நான்கு நாளில், ஒரு நாளைக்கு இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். முடிவைச் சுவரில் ஒட்டக் கூடாது, குழுவுக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயரும் வைக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தினாலே அடிதடியில் ஒரு பகுதி தானாகக் குறையும்.

சாவு. இதைத்தான் பள்ளிகள் தொடாமல் விடுகின்றன. கொரோனாச் சாவில் பிள்ளைகள் முகம் பார்க்கவில்லை. தோப்பூர் ஆஸ்பத்திரிக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ ஆம்புலன்ஸில் ஏறிய அப்பா, சுற்றிக் கட்டிய பொதியாகத் தத்தனேரி சுடுகாட்டுக்குப் போனார். துட்டி கேட்க யாரும் வரவில்லை, பதினாறாம் நாள் காரியம் பெயரளவுக்கு நடந்தது. பெரியவர்களுக்கே இன்னும் ஆறவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளை அதை வேறு விதமாகக் கட்டிக்கொள்கிறது: "நான்தான் கடைக்குப் போயி கொண்டாந்து ஒட்டிவிட்டேன்." பல வருடம் சொல்லாமல் வைத்திருக்கும். கேட்க நேர்ந்தால் "அதெல்லாம் இல்லப்பா, அழக் கூடாது" என்று மூடாதீர்கள். "அப்ப நோய் ஊரு பூரா இருந்துச்சு. அப்பாவுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீ கொண்டு வரல" என்று நேராகச் சொல்லுங்கள், ஒரு தடவைக்கு நாலு தடவையாக. சின்னப் பிள்ளையிடம் சாமிகிட்ட போயிருக்காங்க, தூங்குறாங்க என்று சொன்னால் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்க்கும், இல்லையென்றால் தூங்கவே பயப்படும். இறந்துவிட்டார் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். அப்பாவின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்; என்ன வேலை பார்த்தார், எந்தக் குழம்பு பிடிக்கும் என்று கேட்கலாம். திதி மாதம் எது என்று வகுப்பாசிரியர் குறித்து வைத்தால், அந்த வாரத்தில் பிள்ளை எரிந்து விழுவது ஏன் என்று தெரியும்.

ஒரு வழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள்: உதவித்தொகைப் படிவம் வரும்போது "அப்பா இல்லாதவங்க எந்திரிங்க" என்று வகுப்பில் கேட்பது. பட்டியலை அலுவலகத்தில் பார்த்து எடுக்கலாம்.

பணத்தையும் விசாரியுங்கள். பெற்றோர் இருவரையும் கொரோனாவுக்கு இழந்த பிள்ளை பெயரில் 5 லட்சம் வைப்பு, 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் என்று மாநில அரசு 2021 மே மாதம் அறிவித்தது. 18 நெருங்கும்போது அதுவரை எட்டிப் பார்க்காத சித்தப்பாமார்கள் வருவார்கள். வைப்புச் சீட்டு யாரிடம் இருக்கிறது, பாதுகாவலர் யார் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முன்பே கேட்டு வைப்பது பள்ளியின் வேலை இல்லைதான், ஆனால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

போனைப் பற்றிச் சுருக்கமாக. நாமே பாடம் படி என்று கையில் கொடுத்துவிட்டு, பிறகு பறித்தால் கோபம் வரத்தான் செய்யும். ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம். மூன்று நாளைக்கு ஒரு முறை படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் நகர்த்துங்கள். இரவு போன் பெரியவர்கள் தலைமாட்டில் இருக்கட்டும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதை மேலாண்மைக் குழு தடுத்தால் அதுவே பெரிய சிகிச்சை.

இவ்வளவுக்கும் அடங்காத சில உண்டு. சாகணும் என்று பேசுவது, கையில் கீறல், இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போவது, இல்லாத குரல் கேட்பது, பெரிய பிள்ளை திடீரெனப் படுக்கையை நனைப்பது. இவை ஆசிரியர் கையாளும் விஷயம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவியில், தமிழிலேயே பேசலாம். இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மதுரையில் பல்லாண்டாக மனநலப் பணி செய்யும் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையையும் அணுகலாம். சாகப் போவதாகச் சொன்ன பிள்ளையை அன்று தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், பெரியவர் ஒருவர் கையில் ஒப்படையுங்கள். பூச்சிமருந்தை அந்த வீட்டிலிருந்து அகற்றச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் இது சம்பிரதாயப் பேச்சு இல்லை. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் துருவித் துருவி விசாரிக்கக் கூடாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, காவல் துறைக்கோ 1098க்கோ தெரிவிக்க வேண்டும். போக்சோ சட்டப்படி மறைப்பது குற்றம். பள்ளிப் பெயர் கெட்டுவிடும் என்பது காரணமாகாது.

ஆசிரியர்களையும் மறந்துவிட வேண்டாம். வீட்டில் சாவு கண்டவர்கள் அவர்களிலும் உண்டு, அதோடு இணையத்தில் விவரம் பதிவேற்றும் வேலை வேறு கழுத்தை நெரிக்கிறது. வாரம் அரை மணி நேரம், அறிக்கை எழுதாமல், இரண்டே பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசும் கூட்டம் ஒன்று வையுங்கள். தலைமையாசிரியர் அதில் கேட்பவராக மட்டும் இருக்கட்டும்.

அடுத்த மூடலுக்கான ஏற்பாட்டை இப்போதே செய்யலாம், செலவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தொலைபேசி எண்கள். இரண்டாவது எண் பக்கத்து வீடாகவோ டீக்கடையாகவோ இருக்க வேண்டும், ஏனென்றால் முதல் எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகும். பிள்ளைகளை வகுப்புவாரியாகப் பிரிக்காமல் தெருவாரியாக ஆசிரியர்களுக்குப் பிரியுங்கள். 180 பிள்ளைகள், 9 ஆசிரியர்கள் என்றால் ஆளுக்கு 20. ஒரு நாளைக்கு நான்கு அழைப்பு, ஐந்து நிமிடம். மூன்றே கேள்விகள்: காலையில் என்ன சாப்பிட்ட? வீட்ல யாரு இருக்கா? நேத்து என்ன செஞ்ச? பாடம் முடித்தாயா என்று கேட்டால் அடுத்த வாரம் போன் எடுக்க மாட்டார்கள். போன முறை சத்துணவுக்குப் பதில் அரிசி, பருப்பு கொடுத்தார்களே, அப்படி மறுபடி கொடுக்க நேர்ந்தால் பிள்ளையும் கூட வரட்டும். எடை குறைந்ததா, முகம் வாடியதா என்று பார்க்கக் கிடைக்கும் ஒரே நாள் அது. தொற்று தணியும் கட்டத்தில் அனுமதி கிடைத்ததும் மந்தையிலோ சாவடியிலோ பத்துப் பத்துப் பேராகக் கூட்டுங்கள். திறந்த முதல் இரண்டு வாரம் தேர்வு வைக்க வேண்டாம். மணி, பிரேயர், சாப்பாடு, விளையாட்டு நான்கும் சரியான நேரத்துக்கு நடந்தால் போதும். யார் வரவில்லை என்ற பட்டியல் முதல் நாள் மாலையே தெருப் பொறுப்பு ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். எண்கள் கொண்ட அந்தத் தாளை ஜூன், ஜனவரி என்று வருடம் இரண்டு முறை சரிபாருங்கள், ஒரு நகல் மேலாண்மைக் குழுத் தலைவர் வீட்டில் இருக்கட்டும்.